ஐந்து ஹலாலா கரண்டு

நாகூரில் எனக்கு ஒரு லாத்தா உண்டு. ஆளில்லாத கூடத்தில் மின்விசிறி சுற்றினால் பொறுக்க மாட்டாள். நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்!

இதே லாத்தா, சபராளிக் கணவருடன் ஜித்தாவில் குடித்தனம் செய்தவள். "கடைக்குப் போறப்பக்கூட ஏ.ஸி.யை அணைக்க மாட்டோம்மா. அங்கே யாரு கணக்குப் பார்த்தா?" என்பாள். எப்படிப் பார்ப்பது? யூனிட் 5 ஹலாலா. நூறு ஹலாலா சேர்ந்தால்தான் ஒரு ரியால்! குவைத்தில் இன்னும் வேடிக்கை. 1966-ல் வைத்த 2 பில்ஸ் விலை, ஐம்பது வருஷமாகியும் வீடுகளுக்கு ஏறவில்லை. அடக்க விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே சுமந்தது. சவூதியிலோ, கப்பலேற்றி விற்றிருக்கக்கூடிய கச்சா எண்ணெயைக் கோடையில் உள்ளூர் மின்நிலையங்களிலேயே எரித்தார்கள்.

2014-ல் எண்ணெய் விலை விழுந்தது, கஜானா இளைத்தது. 2018 ஜனவரியில் சவூதியில் வீட்டுக் கரண்டு 18 ஹலாலா ஆயிற்று. பெட்ரோலும் ஏறிற்று, சாமான்களுக்கு 5 சதவிகித வரி வேறு. நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு ஈடாக மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். ஆனால் அது அந்நாட்டுப் பிரஜைகளுக்கு. பிழைக்கப் போனவர்களுக்கு அல்ல. போதாததற்கு, கூட இருக்கும் மனைவி மக்களுக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயிற்று.

கணவரை அங்கேயே விட்டு, பிள்ளைகளோடு லாத்தா நாகூர் திரும்பினாள். இங்கே 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்குகிறதா என்று வாரம் ஒருமுறை மீட்டரை எட்டிப் பார்க்கிறாள்.

"அவங்க அங்கே இப்ப நாலு பேரோட ஒரே அறையிலே இருக்காங்க. ஏ.ஸி. செலவைப் பங்கு போட்டுக்கிறாங்களாம்" என்றாள், விசிறியை அணைத்தபடியே.