டிரைவருக்கு ஓய்வு கொடுப்பது துரோகமல்ல

ராமேஸ்வரம் கரையில் டிரைவர் என்றால் விசைப்படகு ஓட்டுபவர். படகு சம்மாட்டியுடையது, வலையும் சம்மாட்டியுடையது. ஆனால் கரையை விட்டுக் கிளம்பியபின் எல்லாம் டிரைவர் கையில். பார் எங்கே இருக்கிறது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எஞ்சின் சத்தம் மாறினால் என்ன கோளாறு என்று அவருக்குத்தான் தெரியும். கணினியிலும் டிரைவர் என்ற சொல்லுக்குக் கிட்டத்தட்ட அதே வேலைதான். வைஃபை சிப் தன் பாஷையில் பேசுகிறது. லினக்ஸ் கெர்னலுக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவில் நின்று இரண்டையும் ஒட்டவைக்கும் சில ஆயிரம் வரி நிரல்தான் டிரைவர்.

2023 அக்டோபரில், கெர்னலின் பழைய கைகளில் ஒருவரான ஆர்ண்ட் பெர்க்மான் சில வைஃபை டிரைவர்களை மொத்தமாக நீக்கும் பேட்ச்களை அனுப்பினார். ஓரினோகோ, ஹோஸ்ட்ஏபி, சிஸ்கோ ஏரோநெட், ஆட்மெல், இசட்டி1201 என்று நீண்டது பட்டியல். ஏற்கப்பட்டு, அவை அடுத்து வந்த கெர்னல்களிலிருந்து போயின. இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் நம் நண்பர் வட்டங்களில் ஒரே ஒப்பாரிதான். "லினக்ஸும் கார்ப்பரேட் ஆயிடுச்சு", "ஏழை வச்சிருக்கிற பழைய கம்ப்யூட்டரைக் கொல்றாங்க". நான் இந்த ஒப்பாரியில் சேர மாட்டேன். நீக்கியது சரி. நம் கோபம் தப்பான விலாசத்துக்குப் போகிறது.

நீக்கப்பட்டவை எவை என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலும் தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்த கார்டுகள். மடிக்கணினியின் பக்கவாட்டில் சொருகும் பிசிஎம்சிஐஏ வகைதான் அதிகம். வேகம் பெரும்பாலும் 11 மெகாபிட்டோடு முடிந்துவிடும். பலவற்றுக்கு டபிள்யூஇபி என்ற, எப்போதோ உடைந்துபோன பூட்டைத் தவிர வேறு பூட்டு தெரியாது. இன்று வீட்டில் இருக்கும் ரவுட்டர் பலவும் அவற்றை உள்ளேயே விடாது.

இருந்துவிட்டுப் போகட்டுமே, இடத்தையா அடைக்கிறது என்று கேட்பீர்கள். அடைக்கத்தான் செய்கிறது. இந்த டிரைவர்கள் வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பழைய ஏற்பாட்டில் எழுதப்பட்டவை. கெர்னல் 2007 வாக்கிலேயே வேறு ஏற்பாட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. கெர்னலுக்குள் ஒரு பொது இடைமுகத்தை மாற்றினால், அதைத் தொடும் எல்லா டிரைவரையும் மாற்றுபவரே சேர்த்துத் திருத்த வேண்டும். அந்தக் கார்டை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். திருத்தியது ஓடுகிறதா என்று சொல்ல ஆளில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எஞ்சின் பிரிப்பது போன்ற வேலை. சோதிக்காத நிரல் கெர்னலின் அடிவயிற்றில் கிடப்பது ஆபத்தும்கூட.

எங்கள் பக்கம் வருடா வருடம் 61 நாள் தடைக்காலம். அப்போதுதான் படகைக் கரையேற்றி, சிப்பி சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பார்கள். நாலு வருடம் மராமத்து பார்க்காத படகைப் "பாவம், பழைய படகு" என்று யாரும் கடலுக்கு அனுப்புவதில்லை. கெர்னலில் பராமரிப்பாளர் பட்டியல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. யார் பொறுப்பு, என்ன நிலை என்று ஒவ்வொரு பகுதிக்கும் எழுதியிருக்கும். ஆளில்லாவிட்டால் 'அநாதை' என்றே குறிப்பார்கள். உலகம் முழுக்கத் திறந்துகிடக்கும் கோப்பு அது. அதில் ஓரினோகோவுக்கு நேரே நம் ஊர்ப் பெயர் ஒன்று வந்திருந்தால் அந்த டிரைவர் இன்றும் இருந்திருக்கலாம். வரவில்லை. அழுவதற்கு மட்டும் ஆள் நிறைய.

இதைவிட நாகரிகமாக ஓய்வு கொடுக்க முடியாது. நிரல் அழியவில்லை, வரலாற்றில் அப்படியே இருக்கிறது. 6.6 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பில் அந்த டிரைவர்கள் இன்னும் இருக்கின்றன. வேண்டுமானால் நாளைக்கே நீங்கள் எடுத்துத் திருத்தி, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று திரும்பக் கொண்டுவரக் கேட்கலாம்.

எங்கள் கரையிலேயே இரண்டு வகை ஓய்வு உண்டு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக் காற்று நூறு வருடத்துக்கு மேல் தின்றது. அத்தனை வருடமும் சுரண்டியும் பெயின்ட் அடித்தும் இரும்பு மாற்றியும் காப்பாற்றினார்கள். 1964 புயலில் உடைந்ததை 46 நாளில் எழுப்பினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்குச் சனங்கள் பஸ்ஸில்தான் போனார்கள். கஷ்டம்தான், ஆனால் காரணம் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று தனுஷ்கோடி. அதே புயலில் போனது, தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. கெர்னல்காரர்கள் செய்வது பாம்பன். தனுஷ்கோடியை உண்டாக்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

சித்தி மகன் ஒருவன் ராமநாதபுரத்தில் பழைய லேப்டாப் வாங்கி லினக்ஸ் போட்டிருந்தான். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணோம். "என்னண்ணே, உங்க லினக்ஸ்காரங்க என் வைஃபையத் தூக்கிட்டாங்களா?" என்றான். பிரித்துப் பார்த்தேன். அந்த டிரைவர் கெர்னலுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. சிப் கம்பெனி எப்போதோ ஒரு ஜிப் கோப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அதில் பாதி, உள்ளே என்னவென்று தெரியாத பைனரி. கடைக்காரர் அதைத்தான் ஏற்றியிருக்கிறார். புதுக் கெர்னலில் அது ஏறாது, திருத்தவும் வழியில்லை. இவன் வைஃபையைத் தூக்கியது லினக்ஸ் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கம்பெனி கொடுக்கவே இல்லை.

தலைகீழ் உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட நின்றார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட வைல்ட்நெட் ஆய்வு இதைப் பற்றியதுதான். சாதாரண வைஃபை சில நூறு மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. பல கிலோமீட்டர் தாண்டும்போது பதில் வந்துசேருமுன்பே பொறுமை இழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் ஏதரோஸ் கார்டுகளின் மேட்வைஃபை டிரைவரில் கைவைத்து, முறைபோட்டுப் பேசும் வழக்கத்தைப் புகுத்தினார்கள். கிராமத்துப் பாட்டி மையத்தில் உட்கார்ந்து தேனி டாக்டரிடம் கண்ணைக் காட்டினார். டிரைவரில் கைவைக்க முடிந்ததால்தான் இது நடந்தது. அந்த மேட்வைஃபையிலும் ஒரு மூடிய துண்டு இருந்தது. அதற்கு மாற்றாக முழுதும் திறந்த ஏடிஎச்5கே 2008-இல் கெர்னலில் சேர்ந்தது. அந்தத் தலைமுறை ஏதரோஸ் சிப்களை இன்றைய கெர்னலும் ஓட்டுகிறது. வயதானதெல்லாம் சாவதில்லை. நிரல் திறந்திருந்து, ஆளும் இருந்தால் வாழும்.

இப்போது கடலுக்கு வருவோம். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போகவில்லை. 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் எச்சரிக்கையை வாங்கி புளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். 2024 ஆகஸ்டில் அடுத்த திட்டம்: 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர், இருபக்கமும் சேதி அனுப்பலாம். நல்ல திட்டங்கள், வரவேற்கிறேன். ஆனால் என் கேள்வி பத்து வருடம் கழித்து வருவது. போன் மாறும், ஆண்ட்ராய்டு மாறும், தயாரித்த கம்பெனி வேறு வேலைக்குப் போகும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு போனும் கருவியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால், திருத்துவதற்கு நிரல் யார் கையில் இருக்கும்? லேப்டாப்பில் வைஃபை போனால் சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி அடாப்டர் சொருகலாம். படகில் என்ன சொருகுவது?

அரசு திறமூல மென்பொருளுக்கென்று 2015-லேயே கொள்கை வெளியிட்டுவிட்டது. அது மின்னாளுகை மென்பொருளைப் பற்றிப் பேசுகிறது. கருவிகளுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் வயர்லெஸ் கருவி எதற்கும் டெண்டரிலேயே மூன்று நிபந்தனை போடுங்கள். டிரைவர் நிரல் திறந்திருக்க வேண்டும். எத்தனை வருடம் யார் பராமரிப்பார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே சொல்லி, மாற்றைக் கையில் கொடுத்தபின்தான் நிறுத்த வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். ரகசியச் சாவியை மூடி வையுங்கள், பூட்டின் அமைப்பைத் திறந்து வைப்பதில் ஒரு கேடும் இல்லை.

கடைசியாக, என்னையும் சேர்த்து, தமிழ்நாட்டின் என்ஜினியர் கூட்டத்துக்கு. நம் சம்பளத்தில் பெரும்பகுதி லினக்ஸ் மேல் ஓடும் சர்வர்களிலிருந்து வருகிறது. வைஃபை டிரைவர்களைப் பல வருடம் கட்டிக்காத்த கல்லே வாலோ 2025 தொடக்கத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். நம்மில் எத்தனை பேருக்கு அது செய்தியாக வந்தது? பரணில் கிடக்கும் ஒரு பழைய கார்டை எடுத்து, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் சொருகிப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று எழுதி அனுப்ப மாதம் ஒரு சனிக்கிழமை போதும். நான் ஏடிஎச்5கே கார்டு ஒன்றை வைத்துத் தொடங்கியிருக்கிறேன். அதைக்கூடச் செய்யாதவர்கள், அடுத்த டிரைவர் போகும்போது தயவுசெய்து ஒப்பாரி வைக்காதீர்கள்.