ஃபியூஸ் இல்லாத லாக்கப்

விருத்தாசலத்துக்கு நீங்கள் போனதில்லையா? பரவாயில்லை, விருத்தாசலம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பழைய வீடாக இருந்தால் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தால், அது இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்க நல்ல சான்ஸ் உண்டு. பழமலைநாதருக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான்தான். அகல்விளக்கு, பொம்மை, இன்சுலேட்டர் எல்லாம் இங்கே உண்டு.

ஃபியூஸின் வேலை என்ன? அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தான் எரிந்து போய் வீட்டைக் காப்பாற்றுவது. தியாகி. நம்ம ஆட்கள் கில்லாடிகள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். தடியான கம்பியாகப் பார்த்துச் சுற்றி விடுவார்கள். அப்புறம் ஃபியூஸ் போகாது, வீடுதான் போகும்.

பவர் கரண்டில் மட்டும் இல்லை, சாவிக் கொத்திலும் இருக்கிறது. உள்ளே ஒரு பெண், வெளியே சாவியோடு ஒருவர். குடிக்கத் தண்ணீர், பாத்ரூம் போக அனுமதி, வீட்டுக்கு ஒரு தகவல், எல்லாமே அந்த ஒருவர் மனசு வைத்தால்தான். இந்த பவருக்கு ஃபியூஸ் எங்கே?

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன், 1993 மார்ச். முதனை கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணு. ஒரு நகைத் திருட்டில் அவர்மேல் சந்தேகம். அவரைப் பிடிப்பதற்காக அவர் மனைவி பார்வதியையும் வீட்டு ஆட்களையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அடிபட்டார்கள். ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. ‘தப்பி ஓடிவிட்டான்’ என்றது போலீஸ். பார்வதி ஓடிப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் வக்கீல் சந்துரு, பின்னாளில் ஐகோர்ட் நீதிபதி. போலீஸ்காரர்களுக்குத் தண்டனை உறுதியாகி வழக்கு முடிந்தபோது வருஷம் 2006. 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் செங்கேணியைப் பார்த்துக் கண் கலங்கினீர்களே, அந்தக் கதைக்கு மூலம் இதுதான்.

படம் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், “அந்தக் காலத்துல சட்டம் சரியில்ல சார்” என்றார்.

அங்கேதான் விஷயம். சட்டம் இருந்தது. 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 160-ம் பிரிவு. விசாரிக்க வேண்டுமென்றால் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாம். ஆனால் பெண்ணாக இருந்தால் அவள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும். பார்வதியின் வீட்டுக்கு ஜீப் வந்தபோது இந்தப் பிரிவுக்கு இருபது வயது. ஃபியூஸ் இருந்தது. யாரோ தடிக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள்.

“அப்ப லேடி கான்ஸ்டபிளைப் போட்டா சரியாப் போச்சு” என்றார் நண்பர் அடுத்தபடியாக. ஆபீஸில் எல்லாப் பிரச்னைக்கும் சர்க்குலர் போட்டுத் தீர்க்கிறவர் அவர்.

யோசனை புதுசில்லை. லண்டன் நியூகேட் ஜெயிலுக்கு 1813-ல் எலிசபெத் ஃப்ரை என்ற அம்மாள் போனார். பெண்களும் குழந்தைகளும் ஒரே கொட்டடியில் அடைந்து கிடந்ததைப் பார்த்தார். சும்மா விடவில்லை. பெண் கைதிகளுக்குப் பெண் வார்டர்தான் என்று 1823-ல் இங்கிலாந்தில் சட்டமே வந்தது. நமக்கு வெள்ளைக்காரன் போட்ட 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டத்திலும், பெண் கைதியைப் பெண் ஊழியர்தான் சோதனை போட வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது 1992-ல். அதற்கு அடுத்த வருஷம்தான் கம்மாபுரம் நடந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் காவல் ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மகாராஷ்டிராவில் 1972-ல் தேசாய்கஞ்ச் ஸ்டேஷனுக்குள் ஒரு பழங்குடிச் சிறுமியைப் பலாத்காரம் செய்ததாகப் போலீஸ்காரர்கள் இருவர்மேல் வழக்கு. உடம்பில் காயமில்லை, கத்தவில்லை, ஆகவே சம்மதம்தான் என்கிற ரீதியில் சுப்ரீம் கோர்ட் அவர்களை விடுவித்தது. நாடு கொதித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் கோர்ட்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1983-ல் சட்டம் மாறியது. காவலில் இருக்கும் பெண் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சொன்னால், கோர்ட் அதை முதலில் நம்ப வேண்டும். போலீஸ் மட்டுமல்ல, ஜெயில் ஊழியரும் இதில் அடக்கம். சாவி வைத்திருப்பவரிடம் சொல்லும் ‘சரிங்க’ ஒரு சரிங்கவே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

ஜெயிலுக்கு மத்திய அரசு எழுதிய மாதிரி விதிகளில் ஒரு நல்ல ஐடியா இருக்கிறது. பெண்கள் பகுதிக்கு இரண்டு பூட்டு. ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. உள் பூட்டின் சாவி எப்போதும் உள்ளே இருக்கும் பெண் காவலரிடம். ராத்திரியில் எந்த ஆண் அதிகாரியும் தனியாக உள்ளே நுழைய முடியாது. வேலை இருந்தால் பெண் காவலரோடுதான் போக வேண்டும், எத்தனை மணிக்கு எதற்காகப் போனேன் என்று எழுதியும் வைக்க வேண்டும். மேனேஜரானாலும் மூவ்மெண்ட் ரிஜிஸ்டரில் கையெழுத்து!

ஆக, இரண்டு பூட்டு, பெண் வார்டர், ரிஜிஸ்டர். எல்லாம் ஓ.கே. நண்பர் ஜெயித்துவிட்டாரா?

மும்பை பைகுல்லா ஜெயிலுக்கு வாருங்கள். 2017 ஜூன் 23. மஞ்சுளா ஷெட்டே என்று ஒரு ஆயுள் கைதி. நன்னடத்தைக்காக அவரையே பாரக்குக்கு வார்டனாகப் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் காலை ரேஷனில் கணக்கு உதைத்தது. இரண்டு முட்டை, ஐந்து பாவ் குறைந்தது. எங்கே என்று கேட்டார். அதற்காக அவரை அடித்தார்கள் என்பது சக கைதிகளின் வாக்குமூலம். அன்று இரவே இறந்துபோனார். மறுநாள் கைதிகள் மொட்டை மாடியில் ஏறிக் கத்தினார்கள். கொலை வழக்கில் கைதானவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஜெயில் ஊழியர்கள். ஆறு பேரும் பெண்கள்.

இரண்டு முட்டை சார். டீக்கடை ஷோகேஸில் தட்டு நிறைய இருக்குமே, அந்த முட்டை.

பெண் வார்டர் கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் புடவையோ காக்கிச் சட்டையோ, அது ஃபியூஸ் இல்லை. உள் பூட்டின் சாவி உள்ளேயே இருப்பதில் இன்னொரு விஷயம் உண்டு. வார்டர் அம்மாவும் பூட்டுக்குள்தான் இருக்கிறார். அவருக்கும் ராத்திரி டியூட்டி, வீட்டில் பிள்ளைக்கு ஜுரம், மேலே ஒரு அதிகாரியின் அதட்டல். மேலிருந்து வாங்கியதைக் கீழே இறக்கி வைக்கத் தோதாக ஒருத்தி கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லத்தி கூட வேண்டாம். மனு பார்க்க வந்த அம்மாவை வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். மாதவிலக்குத் துணிக்கு மூன்று தடவை கெஞ்ச விடலாம். சோதனை என்ற பேரில் கூட்டத்துக்கு நடுவே கூச வைக்கலாம். இதெல்லாம் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வராது.

அப்படியானால் ஃபியூஸ் எது? அதையும் ஒரு பெண்தான் கண்டுபிடித்தார். பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே. பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளிடம் பேசினார். ஐந்து பேர், லாக்கப்பில் போலீஸ் அடித்தார்கள் என்றார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். கோர்ட் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1983 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் கான்ஸ்டபிள் காவல் என்ற உத்தரவு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஒரு செஷன்ஸ் நீதிபதி, முடிந்தால் பெண் நீதிபதி, சொல்லாமல் கொள்ளாமல் லாக்கப்புகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அதுதான் ஃபியூஸ். முன்னறிவிப்பில்லாமல் உள்ளே வருகிற வெளியாள். கதவு எந்த நிமிஷமும் திறக்கலாம் என்று தெரிந்தால் ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கும். கலெக்டர் வருகிறார் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி, சுவருக்கு வெள்ளையடித்து, கைதிக்குப் புதுத் தட்டு கொடுக்கும் விசிட் ஃபியூஸ் இல்லை, தடிக் கம்பி.

கேமராவும் வந்துவிட்டது. எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் லாக்கப்பிலும் சத்தத்தோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் பெண் இருக்கும் லாக்கப்பின் கேமராவை மானிட்டரில் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? காவலுக்குப் பார்ப்பதும் வேடிக்கை பார்ப்பதும் ஒரே திரையில்தான் நடக்கிறது.

உங்களுக்கும் எனக்கும் லாக்கப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு ஃபியூஸ் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. வீட்டுப் பெண்ணையோ எதிர் வீட்டுப் பெண்ணையோ ‘சும்மா ஒரு விசாரணை’ என்று ஜீப்பில் ஏறச் சொன்னால், ‘இங்கேயே விசாரிங்க சார்’ என்று சொல்லலாம். இருட்டின பிறகு கைது என்றால், பெண் அதிகாரி எங்கே, மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி எங்கே என்று கேட்கலாம். 2006 முதல் அதுவும் சட்டம். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் பெயர்தான் வாயில் நுழையவில்லை, இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

முதனையில் அன்றைக்கு இதைக் கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால், அந்த ஜீப் காலியாகத் திரும்பியிருக்கலாம்.