இரண்டாம் பாகம் வேஸ்ட்டா? முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க!



சுவர் இதழில் இதுவரைக்கும் நான் கதைதான் எழுதியிருக்கேன். கட்டுரை எழுதுறது இதுதான் முதல் தடவை. இந்த மாசம் ஏன் கதை எழுதலைன்னு சில பேர் கேட்டீங்க. அதுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஜூலை மாத இதழில் ‘ஜீப்பு வர்ற நேரம்’னு ஒரு கதை எழுதினேன். ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். விடியக்காலையில ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற ஒரு அம்மா, அவங்க மகள் ராணி, ராணியை எப்பப் பாத்தாலும் மட்டம் தட்டுற கணக்குப்பிள்ளை மகள். கடைசியில ஓட்டப் பந்தயத்துல ராணி ஜெயிச்சிருவா. எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. தண்ணித் தொட்டி பக்கத்துல என்னை நிறுத்தி ‘அடுத்த பாகம் எப்ப?’ன்னு கேட்டீங்க. அன்னைக்கு எனக்குக் கால் தரையில படல!

ஆகஸ்ட் இதழில் இரண்டாம் பாகம் எழுதினேன். அதுல கதை சொல்றது ராணி இல்ல, அந்தக் கணக்குப்பிள்ளை மகள். அவ வீட்டுல என்ன நடக்குது, அவ ஏன் அப்படி நடந்துக்கிட்டான்னு யோசிச்சு எழுதினேன். மொத்தம் நாலு தாள். காலண்டர் மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சு, திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாடி போர்டுல குத்தினேன். முதல் இடைவேளை மணி அடிச்சதும் ஓடிப் போய்ப் பாத்தா, முதல் தாள் ஓரத்துல பென்சில்ல ‘போர்’, ‘வேஸ்ட்’, ‘ராணி எங்கே?’ன்னு எழுதியிருந்துச்சு. யாரோ ஒருத்தர் 100-க்கு 0 மார்க் போட்டு, அதைச் சுத்தி வட்டமும் போட்டிருந்தாங்க.

எனக்கு அழுகையா வந்துச்சு. இனிமே எழுதவே கூடாதுன்னு நினைச்சேன். சாயங்காலம் எல்லாரும் போனதுக்கு அப்புறம் தாளைக் கழட்டப் போனேன். அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். அவசரத்துல மூணாவது தாளையும் நாலாவது தாளையும் நான் மாத்திக் குத்தியிருக்கேன்! கதையோட முடிவு முன்னாடியும், நடுவுல நடக்குறது பின்னாடியும் இருந்துச்சு. முழுசாப் படிச்சிருந்தா யாரா இருந்தாலும் ‘என்னடி, ஒண்ணும் புரியல’ன்னு கேட்டிருப்பாங்க. ஒருத்தர்கூடக் கேக்கல. அப்படின்னா அந்த 0 மார்க் எதுக்குப் போட்டது? முதல் தாளுக்கா? இல்ல, தலைப்புக்கா?

தாளை வரிசையா மாத்திக் குத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஆனா மனசு ஆறல.

காலாண்டு லீவுக்கு எங்க பெரியம்மா மகன் அண்ணன் கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க. அங்க கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. நடந்ததைச் சொன்னதும் சிரிச்சிட்டு, ‘உனக்கு மட்டுமா நடந்துச்சு? கோடி கோடியா செலவழிச்சு வீடியோ கேம் எடுக்குற கம்பெனிக்கே நடந்திருக்கு’ன்னு சொன்னாங்க. வீடியோ கேம்னா கார் ஓட்டுறது, சுடுறது மட்டும்தான்னு நான் நினைச்சிருந்தேன். சினிமா மாதிரி கதையோட வர்ற கேம்களும் இருக்காம். அதுக்கும் இரண்டாம் பாகம் வருமாம். பத்திரிகையில விமர்சனம் எழுதுவாங்களாம்.

அமெரிக்காவுல ‘நாட்டி டாக்’னு ஒரு நிறுவனம். அவங்க 2013-ல ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’னு ஒரு கேம் கொண்டு வந்தாங்க. நோய் பரவி உலகமே சீரழிஞ்சு போன காலம். ஜோயல்னு ஒரு ஆள், எல்லின்னு ஒரு பொண்ணைக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போறார். எல்லிக்கு என்னை மாதிரியே 14 வயசு. உலகமே அந்தக் கேமைக் கொண்டாடுச்சு. இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ஆம் தேதி வந்துச்சு. அதுல ஆரம்பத்துலயே ஜோயலைக் கொன்னுடுறாங்க. அதுமட்டுமில்ல, அவரைக் கொன்ன ஆபின்ற பொண்ணாவே பாதிக் கேமை நாம ஆடணும். ஜோயல் முன்னாடி அந்தப் பொண்ணோட அப்பாவைக் கொன்னிருப்பார். அதான் காரணம்.

விமர்சகர்கள் போட்ட மார்க்கையெல்லாம் கூட்டிச் சராசரி சொல்ற ‘மெட்டாகிரிட்டிக்’னு ஒரு இணையதளம் இருக்கு. முன்கூட்டியே ஆடிப் பார்த்த விமர்சகர்கள் இரண்டாம் பாகத்துக்குப் போட்ட சராசரி 100-க்கு 90-க்கும் மேல. அதே இடத்துல பொதுமக்களும் 10-க்கு இத்தனைன்னு மார்க் போடலாம். கேம் வெளிவந்த அன்னைக்கே ஆயிரக்கணக்கான பேர் 0 போட்டாங்க. அவங்க சராசரி 4-க்கும் கீழ இறங்கிருச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கேமை ஆடி முடிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல ஆகும்! காலையில வாங்கி மத்தியானம் 0 போட்டவங்க எப்படி முடிச்சிருப்பாங்க? இன்னொரு விஷயமும் நடந்துச்சு. வெளிவர்றதுக்கு முன்னாடியே, ஏப்ரல் மாசத்துல, கதையில கொஞ்சம் வெளியே கசிஞ்சிருச்சு. ஜோயல் செத்துடுவார்னு காதுல விழுந்த உடனே பல பேர் கோவத்தைச் சேத்து வச்சுக்கிட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல அதே கேமுக்குத்தான் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவுல வருஷத்தோட சிறந்த கேம் விருது கிடைச்சுது.

இங்க ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். அது பெரியவங்களுக்கான கேம். நான் ஆடல, ஆடவும் கூடாது. அதனால அது நல்ல கேமா, மோசமான கேமான்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா, என் தாள்ல 0 போட்டவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? விமர்சகர் எல்லாரும் சரி, ரசிகர் எல்லாரும் தப்புன்னும் நான் சொல்லல. முழுசா ஆடி முடிச்சிட்டு, ‘வன்முறை அதிகம், ரொம்ப நீளம்’னு எழுதினவங்களும் இருக்காங்க. அது நியாயமான விமர்சனம். ஆடாமலே கோவத்துல 0 போட்டதுதான் அநியாயம். அவங்களுக்குப் போட்டியா ஆடாமலே 10 போட்டிருந்தா அதுவும் அநியாயம்தான்.

சரி, நான் ஆடின கேம் ஒண்ணைப் பத்திச் சொல்றேன். அது நம்ம தமிழ்க் கேம்! பேரு ‘வெண்பா’. கனடா நாட்டு டொராண்டோ நகரத்துல இருக்குற ‘விசை கேம்ஸ்’னு ஒரு சின்ன நிறுவனம் 2023 ஜூலை 31-ல வெளியிட்டாங்க. இதுல சண்டை கிடையாது, சமையல்தான். 1988-ல கதை ஆரம்பிக்குது. தமிழ்நாட்டுல இருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவங்க வீட்டுக்காரர் பாவலன், பையன் கவின். வெண்பாகிட்ட அவங்க அம்மாவோட சமையல் குறிப்பு நோட்டு இருக்கும். அதுல பல இடம் கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கும். விட்டுப் போனதை யோசிச்சுக் கண்டுபிடிச்சு நாம சமைக்கணும். அதுக்கு நடுவுல அவங்க வாழ்க்கைக் கதை போகும்.

அண்ணனோட லேப்டாப்புல நானும் அண்ணனும் ஆடினோம். இட்லித் தட்டை அடுக்குற இடத்துல நாங்க தப்பா அடுக்கிட்டோம். பின்னாடி நின்ன எங்க அம்மா, ‘குழிக்கு நேரா குழி வச்சா ஆவி எப்படிடா மேல போகும்? திருப்பி வைங்க’ன்னு சொன்னாங்க. திருப்பி வச்சோம். சரியா வந்துச்சு! அதுவரைக்கும் நின்னுக்கிட்டு இருந்தவங்க அப்புறம் உக்காந்துட்டாங்க. பையன் வளர வளர அம்மாவை விட்டு விலகிப் போற இடத்துல ஒண்ணும் பேசல. முடிஞ்சதும், ‘அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?’ன்னு கேட்டாங்க.

அண்ணன் அப்ப சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். பத்திரிகைகள்ல விமர்சனம் எழுதின பல பேரும் அதையேதான் எழுதியிருந்தாங்களாம். படம் அழகு, பாட்டு அழகு, கதை மனசைத் தொடுது, ஆனா ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடுது, இன்னும் கொஞ்சம் சமைக்க விட்டிருக்கலாம்னு. அதாவது குறையும் சொல்லியிருக்காங்க. ஆனா கடைசி வரைக்கும் ஆடிட்டுச் சொன்ன குறை. அந்தக் குறையோடவே ‘வெண்பா’வுக்கு 2024-ல பிரிட்டனோட பாஃப்டா விருதுகள்ல சிறந்த முதல் படைப்புக்கான விருது கிடைச்சுது. அதே வருஷம் சுதந்திரக் கேம் விழாவுல முதல் பரிசும் கிடைச்சுது.

எங்க அம்மா முன்னாடி ஜீப்புல தோட்டத்துக்குப் போனவங்க. இப்ப போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. அவங்ககிட்டயும் என் கதைக்கு வந்த 0 மார்க்கைப் பத்திச் சொன்னேன். அம்மா சொன்னாங்க: ‘மேல கெடக்குற நாலு காயப் பாத்துட்டு மூடைக்கு வெல சொல்ல முடியுமா? கைய உள்ள விட்டு அள்ளிப் பாக்கணும்.’ போடியில ஸ்பைசஸ் போர்டு ஏலத்துல இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் விலை கேக்குறாங்க. அங்கயும் சாம்பிள் காயைக் கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் வியாபாரிங்க விலை கேப்பாங்க. அதுமட்டுமா? ஒரே செடியில பல சுத்து காய் எடுக்குறோம். போன சுத்துக் காய் மாதிரி இல்லைன்னு இந்தச் சுத்துக் காயைப் பாக்காமலே குப்பையில கொட்டுவோமா? ஏலக்காய்க்குக் குடுக்குற மரியாதையைக் கதைக்கும் குடுக்கலாமே!

‘மோசமான கதையை முழுசாப் படிச்சே ஆகணுமா? என் நேரம் வீணாகாதா?’ன்னு சில பேர் கேக்கலாம். நியாயமான கேள்வி. படிக்க முடியலைன்னா நிறுத்திக்கோங்க. ஆனா ‘முதல் பக்கம் வரைக்கும்தான் படிச்சேன், அதுக்கு மேல போகல’ன்னு எழுதுங்க. அதுவும் எனக்கு உபயோகம்தான். முதல் பக்கம் சரியில்லைன்னு தெரிஞ்சுக்குவேன். படிக்காத மூணு பக்கத்துக்கும் சேத்து 0 போட்டா நான் எதைத் திருத்துறது?

நானும் யோக்கியம் இல்ல. 2023-ல ‘சந்திரமுகி 2’ வந்தப்ப, ‘ரஜினி இல்லாம என்ன சந்திரமுகி?’ன்னு வகுப்பு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தப் படத்தை இன்னைக்கு வரைக்கும் நான் பாக்கல! ‘ராணி எங்கே?’ன்னு எழுதின ஆள் மேல கோவப்பட்டப்பதான் அது ஞாபகம் வந்துச்சு. முதல் பாகம் மேல வச்ச பிரியம்தான் அப்படிப் பேச வைக்குது. பிரியம் தப்பில்ல. ஆனா பழைய பிரியத்தை அளவுகோலா வச்சுக்கிட்டு புதுசை அளந்தா, அது எப்பவும் குட்டையாத்தான் தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லணும். அந்தப் புதன்கிழமை ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி என்கிட்ட வந்தா. ‘அக்கா, கதை நல்லாயிருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கடைசியில ஏன் மனசு மாறினான்னு நீங்க சொல்லவே இல்லையே’ன்னு கேட்டா. திரும்பப் படிச்சுப் பாத்தேன். உண்மைதான். அவ அழுதான்னு எழுதியிருக்கேன், எதுக்கு அழுதான்னு எழுதல. எட்டு ‘வேஸ்ட்’ சொல்லித் தராததை அந்த ஒரு கேள்வி சொல்லிக் குடுத்துச்சு. யார் சொன்னாலும் அதுல உண்மை இருக்கான்னு பாக்கணும்னு வள்ளுவர் சொன்னது இதுக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொன்னாலும் உண்மை உண்மைதான்.

அந்த மெட்டாகிரிட்டிக் இணையதளம் என்ன செஞ்சுது தெரியுமா? 2020 ஜூலையில ஒரு விதி போட்டாங்க. கேம் வெளிவந்து 36 மணி நேரம் கழிச்சுத்தான் பொதுமக்கள் மார்க் போட முடியும்னு. நாமளும் அதே மாதிரி செய்யலாமே! சுவர் இதழ் பக்கத்துல ஒரு 40 பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்க விடுவோம். விதி மூணே மூணுதான்.

1. இதழ் ஒட்டின அன்னைக்கு யாரும் எழுதக் கூடாது. மறுநாள்ல இருந்து எழுதலாம்.

2. எத்தனை தாள் படிச்சோம்னு முதல்ல எழுதணும்.

3. நல்லாயிருக்கு, நல்லாயில்ல, எதைச் சொன்னாலும் ‘ஏன்?’னு ஒரு வரி சேத்து எழுதணும். பேர் போட வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்.

தமிழய்யாகிட்ட கேட்டேன். ‘நோட்டு நீ வாங்கு, கயிறு நான் தர்றேன்’னு சொல்லிட்டாங்க!

நண்பர்களே, அடுத்த மாசம் ‘ஜீப்பு வர்ற நேரம்’ மூன்றாம் பாகம் வருது. ராணியும் வருவா, கணக்குப்பிள்ளை மகளும் வருவா. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல உக்காந்து போற மாதிரி எழுதிக்கிட்டு இருக்கேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே எழுதுங்க, அழ மாட்டேன். ஆனா கடைசித் தாள் வரைக்கும் வந்துட்டு எழுதுங்க.



இப்படிக்கு,
உங்கள் ஒன்பதாம் வகுப்புத் தோழி

பின்குறிப்பு: இந்தத் தடவை எல்லாத் தாளுக்கும் நம்பர் போட்டுக் குத்தியிருக்கேன்!