அப்பாவின் கையில் எந்தத் துப்பாக்கி?

போன ஆடி மாதம், ரந்தாவ் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா. தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பந்தலில் நகைக்கடைக் கொள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "கொள்ளைக்காரன் எதை வேணும்னாலும் தூக்கிட்டு வர்றான். ஜாகாகிட்ட மட்டும் பழைய பம்ப் கன். கம்பெனிக்கு மெஷின் கன் லைசன்ஸ் கொடுத்தா எவன் கிட்ட வருவான்?" என்றார் உறவினர் ஒருவர். பலரும் தலையாட்டினர். என் அப்பா மட்டும் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பந்தலில் துப்பாக்கி ஏந்தி வேலை செய்பவர் அவர் ஒருவர்தான்.

நண்பர்களே, சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். தனியார் பாதுகாப்பு நிறுவனம் நடத்த 1971ஆம் ஆண்டுத் தனியார் முகமைகள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். விசையை அழுத்தியிருக்கும்வரை தோட்டாக்கள் பாயும் தானியங்கித் துப்பாக்கி, காவல்துறைக்கும் இராணுவத்துக்கும் உரியது. அந்த நிலை மாறக்கூடாது என்பதே என் கருத்து.

அப்பா முன்பு பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் அவரோடு வேலை செய்த பலர் சிரம்பானிலும் நீலாயிலும் ஜாகா வேலைக்குப் போனார்கள். துப்பாக்கி கொடுத்தபோது அப்பாவுக்கு ஒரு நாள் பயிற்சி. சில தோட்டாக்களைச் சுட்டுக் காட்டச் சொன்னார்கள். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவைகூடச் சுட்டுப் பழகச் சொல்லவில்லை. தினமும் 12 மணி நேர வேலை. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் அவர்தான். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது உண்மை. ஆனாலும் மிகுதி நேரம் பார்க்காமல் எங்கள் வீட்டுக் கணக்கு சரிவராது. தூக்கம் சொக்கும் கண்களோடு, ஜனநெரிசலான கடைத்தெருவில், இப்படிப்பட்ட ஒருவர் கையில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தோட்டாக்களைக் கக்கும் ஆயுதத்தைக் கொடுப்பதா? என் அப்பா என்பதால் இதை என்னால் சொல்ல முடிகிறது.

"அவசரகாலத்துல தோட்டத்துக்குத் தோட்டம் துப்பாக்கி இல்லையா?" என்று அதே உறவினர் கேட்டார். இருந்தது. 1948க்குப் பின் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் அவர்கள் காவல்துறையின் ஆட்கள்; எந்தக் கம்பெனியின் ஆட்களும் அல்லர். அப்போது சிறுமியாக இருந்த பாட்டி வேறு மாதிரிச் சொல்வார். லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்களாம். வெளியே துப்பாக்கி, உள்ளே துப்பாக்கி, நடுவில் பயந்து கிடந்தது நம் சனம்தான் என்பார்.

ஆயுதக் கிடங்கு இருந்தால் அதைத் தேடி ஆள் வரும். 2000 ஜூலையில் பேராக்கில் அல்-மாவுனா கும்பல், அதிகாரிகள் போல வேடமிட்டு இராணுவ முகாமிலிருந்தே நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிச் சென்றது. சாவுக் காட்டில் பிணையாளிகளாகப் பிடிக்கப்பட்டு உயிரிழந்த இருவரில் ஒருவர் துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவன். இராணுவ முகாமுக்கே அந்தக் கதி என்றால், கடைவரிசையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எம்.16 துப்பாக்கிகளை எப்படிக் காக்கும்?

2013 அக்டோபரில் நடந்த இரண்டு சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி ஒருவரை அந்த வங்கியின் பாதுகாவலரே சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். போலி மைகார்டு வைத்திருந்த அந்நிய நாட்டவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆளை யாரென்று சரிபார்க்காமலே துப்பாக்கி கைமாறியிருக்கிறது. அதே மாதம் தமிழ்நாட்டுக் கடலில், அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் 'சீமேன் கார்டு ஓஹாயோ' கப்பல் பிடிபட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டு வரப்பட்டது. அதில் 35 தாக்குதல் துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கவே அவை என்றார்கள். 2016 ஜனவரியில் கப்பலில் இருந்த 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லாரையும் விடுவித்தது. அது நீதிதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் சிறையிலிருந்தவர்கள் யார்? கூலிக்கு வந்த காவலர்களும் மாலுமிகளும். நாளை என் அப்பா கையில் தானியங்கி ஆயுதம் வெடித்து வழிப்போக்கர்கள் நாலு பேர் விழுந்தால், கூண்டில் ஏறப்போவது நிறுவனத்தின் இயக்குநரா?

நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் என்றால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2007 செப்டம்பரில் பாக்தாத்தில் பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர்கள் 17 ஈராக்கியரைச் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை பெற்ற நால்வருக்கும் 2020இல் அமெரிக்க அதிபர் பொதுமன்னிப்பு வழங்கினார்.

காவலர்கள் உயிர்பயத்தோடு நிற்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குக் குண்டு துளைக்காத அங்கி கொடுங்கள். எட்டு மணி நேர வேலை கொடுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது சுடும் பயிற்சி கொடுங்கள். உரிமம் புதுப்பிக்கும்போது நிறுவனத்தின் கோப்போடு காவலரின் பின்னணியையும் உடல்நலத்தையும் பாருங்கள்.

திருவிழா முடிந்து திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன், பெரிய துப்பாக்கி கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று.

"இந்தப் பம்ப் கன் இருக்கறதாலதான்டா திருடன் முதல்ல என்னைப் பார்ப்பான்" என்றார். அவருக்கு அன்றிரவு ஏழு மணிக்கு ஷிஃப்டு.