கரையோரத்துக்கும் உரிய காடு

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நம் வட்டைகளில் சிறுபோகம் விளைகிறதென்றால், மேற்கே கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்து நிற்கும் சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளமே அதற்குக் காரணம். இங்கினியாகலையில் 1949இல் தொடங்கிய அணைவேலை 1951இல் முடிந்தது. 1954இல் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. யானை காண வருவோரின் களிப்புக்காக அன்று, நீரேந்து பரப்பைக் காக்கவே அக்காடு முதன்மையாக ஒதுக்கப்பட்டது. மரம் நின்றால் மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல வடியும். மரம் வீழ்ந்தால் அந்நீர் மண்ணையும் வாரிக்கொண்டு வந்து குளத்தைத் தூர்க்கும். குளம் தூர்ந்தால் முதலில் வாடுவது கடைமடையில் உள்ள நம் பயிரே.

ஆயினும் அக்காட்டை நம்முடையதென்று எண்ணிப் பழகினோமில்லை. அந்த அணையைக் கட்டிய கல்லோயாத் திட்டம் நீரோடு குடியேற்றங்களையும் கொணர்ந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபின்னும் காணி குறித்த நம் மனக்குறைகள் தீரவில்லை. அவை நியாயமானவை, அவற்றுக்குத் தீர்வு கேட்பதை நாம் ஒருபோதும் கைவிடலாகாது. ஆனால் அந்தக் கசப்பால் காட்டை அயலாருடையதென ஒதுக்குவது, நம் வயலின் தலைமடையை நாமே பிறர் கையில் விடுவதாகும்.

இயற்கையின் போக்கை மதியாததன் விளைவை நம் கரையோரத்திலேயே ஒலுவில் அறியும். அங்குள்ள துறைமுக அலைதடுப்பால் வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. கரையைக் கடல் அரித்தது, துறைமுக வாயிலை மணல் மூடியது. நம் மாவட்டத்தின் பள்ளக்காட்டை நினைத்தாலோ நெஞ்சு பதைக்கிறது. அங்குள்ள குப்பைமேட்டில் பிளாஸ்டிக் கழிவைத் தின்று 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் உலகெங்கும் செய்தி பரவியது. சுற்றிலுமுள்ள ஊர்களின் வீட்டுக் குப்பையே அங்கு கொட்டப்பட்டது. அப்பழியில் நமக்கும் பங்குண்டு.

கரையோர உள்ளூராட்சி சபைகள் உக்கும் கழிவை வீட்டுவாசலிலேயே பிரித்துப் பெற வேண்டும். பிரிக்காத குப்பை யானை நடமாடும் நிலத்துக்குச் செல்லலாகாது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நீர் திறக்கும் நாளைக் குறிக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், குளத்தின் நீர்மட்டத்தோடு நீரேந்து காட்டின் நிலையையும் வனசீவராசிகள் திணைக்களம் விவசாயிகள்முன் வைக்க வேண்டும். காடழிப்போ அத்துமீறலோ நிகழ்ந்திருப்பின் அதை அங்கேயே கேட்கும் உரிமை, அந்நீரை நம்பி விதைக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. வரும் பெரும்போகக் கூட்டத்திலேயே நம் விவசாய அமைப்புகள் இதைக் கோர வேண்டும்.