கருந்திரையில் இசையும் கலைந்த எழுத்தும்

பாட்டுக் கேட்பதற்குப் படம் எதற்கு என்று எம் துறை மாணவர் ஒருவர் அண்மையில் வினவினார். வினா எளியது, விடை கூற எமக்குச் சிறிது நேரம் ஆயிற்று. துறை நூலகத்து மூலையில் ஒரு பழைய கணிப்பொறி உண்டு. இக்காலத்து இசைச் செயலிகள் பல தமக்குள் ஓர் இணைய உலாவியையே சுமந்து வருவன. ஆதலின் ஒரு பாடலை ஒலிக்கச் செய்வதற்குள் அக்கணிப்பொறிக்கு மூச்சு முட்டிவிடும். மாணவர் அதில் 'என்சிஸ்பாட்' என்னும் சிறு நிரலை நிறுவித் தந்தார். ஸ்பாட்டிபை சேவையில் கட்டணக் கணக்கு உடையோர் அதன் பாடல்களை முனையத்திலேயே கேட்பதற்கென ரஸ்ட் மொழியில் எழுதப்பெற்ற கட்டற்ற மென்பொருள் அது.

முனையம் என்பது எழுத்துகளால் மட்டுமே இயங்கும் கருந்திரை. 1978ஆம் ஆண்டில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 கருவியின் அளவாகிய 24 வரியும் 80 கட்டமுமே பல கணிப்பொறிகளில் இன்றும் அதன் தொடக்க அளவாக நிலைத்துள்ளன. அங்கே அட்டைப்படம் இல்லை. 'இதையும் கேளுங்கள்' என்று கையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரரும் இல்லை. எஃப்2 விசையை அழுத்தித் தேடலாம். ஜே, கே விசைகளால் கீழும் மேலும் செல்லலாம். என்டரை அழுத்தினால் பாட்டு. வானொலி அறிவிப்பாளர் சொல்லும் பெயரை மட்டும் துணைக்கொண்டு பாட்டுக் கேட்டு வளர்ந்த எமக்கு, அது பழைய வீட்டினுள் மீண்டும் நுழைந்தது போலிருந்தது. மாணவரை மனமாரப் பாராட்டினோம்.

பாராட்டிய வாய் மூடுமுன் ஒரு குறை தோன்றியது. 'காயல் ஷேக் முகம்மது' என்று தமிழில் தட்டச்சு செய்தோம். 'ஷேக்' என்பதன் கொம்பு ஷகரத்தை விட்டு நீங்கிக் ககரத்தின் முன் போய் நின்றது. 'ஷகே்' என்று படிக்கும்படி ஆயிற்று. 'தென்றல்' என்று எழுதிப் பார்த்தோம். கொம்பு னகரத்தின் பக்கம் சாய்ந்தது. பள்ளிப் பிள்ளை இவ்வாறு எழுதினால் சிவப்பு மையால் சுழித்திருப்போம்.

இக்குற்றம் அந்நிரலினுடையது அன்று; எம் கணிப்பொறியிலிருந்த முனையத்தினுடையது. ஒருங்குறியில் உயிர்மெய், ஒலிக்கும் முறைப்படி மெய்க்குரிய குறியீடு முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்புறம் கொணர்ந்து காட்ட வேண்டியது திரையின் கடமை. முனையமோ ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்னும் ஆங்கில எழுத்துக்குரிய கணக்கைப் பற்றிக்கொண்டு பிறந்தது. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஒருங்குறியின் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடங்கொள்ளாக் குறிகள். இகரக் குறியோ இடங்கொள்ளும் குறி. குறிலுக்கு இடம் உண்டு, நெடிலுக்கு இல்லை! இவ்வகைப்பாட்டைக் கொண்டே பல நிரல்கள் சொல்லின் அகலத்தை அளக்கின்றன. மெய் புள்ளி பெறும் என்று தெளிவுற வகுத்த தொல்காப்பியர் இதனைக் கண்டால் என்ன நினைப்பாரோ! தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு உண்டெனினும், உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே.

எம்மை உறுத்தியது இக்குறையினும் மாணவர் கூறிய தீர்வேயாகும். "ஐயா, ஆங்கில எழுத்தில் அடியுங்கள், வந்துவிடும்" என்றார். அடித்தோம், வந்துவிட்டது. இனி அவர் அந்தத் திரையில் தமிழெழுத்தைத் தட்டுவார் என்று எமக்குத் தோன்றவில்லை. படமற்ற திரையில் பாடகருக்கு இருப்பது பெயர் ஒன்றே. அப்பெயரும் உரிய எழுத்தில் நில்லாதாயின், ஏற்கும் எழுத்துக்கு மாறுவதே எளிதெனத் தமிழ் மாணவர்க்கே தோன்றிவிடுகிறது.

எழுத்து மாறுவதே பிழை என்று யாம் கூறவில்லை. எம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதியவர்களே. ஆனால் அரபுத்தமிழை வகுத்தவர்கள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புதிய குறிகளைச் சேர்த்துக்கொண்டனர். எழுத்தைத் தமிழுக்கு ஏற்றவாறு வளைத்தனர். ஆங்கில எழுத்தில் 'தமிழ்' என்பதன் ழகரத்தை எவ்வாறு எழுதுவது என்பதில் இன்றும் நமக்குள் ஒற்றுமை உண்டா?

இது கணிப்பொறித் துறையாரின் வேலை என்று தமிழ்த்துறைகள் ஒதுங்குவது பொருந்தாது என்பது எம் கருத்து. கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் நாமே. கட்டற்ற மென்பொருள்களில் பிழையைச் சுட்டி எழுதும் வாயில் எவர்க்கும் திறந்திருக்கிறது. கொம்பு, இரட்டைக்கொம்பு, கொம்போடு கால், உகர ஊகார வடிவங்கள் ஆகியவை அமைந்த சொற்களைத் தொகுத்து, இன்ன சொல் இன்னவாறு தோன்ற வேண்டும் என்று காட்டி அனுப்பினால் ஆக்குநர்க்குப் பேருதவியாகும். இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்குரிய ஒரு பிற்பகல் வேலை அது. எழுத்திலக்கணம் இங்குப் பயன்படாவிட்டால் வேறெங்குப் பயன்படும்?

தமிழ் வடிவத்தை ஓரளவு அறிந்த முனையங்களும் உள. கேடீஈ குழுவினரின் கான்சோல் அவற்றுள் ஒன்று. மாணவர் மறுநாள் அதனை நிறுவினார். ஷேக்கின் கொம்பு ஷகரத்தின் முன் வந்து நின்றது, பாடலும் ஒலித்தது. பட்டியலின் வலப்புறத்தில் பாடல் நேரத்தைக் காட்டும் எண்கள் மட்டும், தமிழ்ப்பெயர் வரும் வரிகளில் இன்னும் சற்று விலகியே நிற்கின்றன. அதனைப் பற்றி எழுத வேண்டிய முதல் மடலை அவரே வரைந்துகொண்டிருக்கிறார். சொற்பட்டியலை யாம் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.