பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்குமாம்!

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, எர்ணாவூர் பக்கம், கடல் அரிக்காமல் இருக்க கல் கொட்டி வைத்திருப்பார்களே, அந்த இடம். அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது (அந்த ரோட்டில் டிரெய்லர் நின்றால் அது செய்தி இல்லை, ஓடினால்தான் செய்தி).

அப்பா திரும்பத் திரும்ப மிதித்தார். இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியரில் போட்டு, வண்டியை ஓரத்துக் கல்லில் உரசி நிறுத்தினார். அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் கட்டு. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் இந்தப் பதிவை எழுதுவது விபத்தைப் பற்றி அல்ல. அதற்கு அப்புறம் கேட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி.

மெக்கானிக் அண்ணன் சொன்னார், "பழைய வண்டிப்பா, அப்டித்தான் இருக்கும்." பக்கத்து வீட்டு மாமா சொன்னார். இன்ஷூரன்ஸ் பார்க்க வந்தவரும் சொன்னார். கடைசியில் அப்பாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். 13 வயசு வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கினது, நம்ம தப்புதான் என்று. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள் :-) ஆனால் இதே மாடல் வைத்திருக்கிற அப்பாவின் ஃபேக்டரி நண்பர்கள் இரண்டு பேருக்கு இதே மாதிரி பெடல் இறங்கியிருக்கிறது. அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இடம் எங்கே இருக்கிறது?

வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து ஊசி முனை அளவுக்கு ஓட்டை. பிரேக் ஆயில் முழுக்க அது வழியாகப் போயிருக்கிறது. இரண்டு மாசம் முன்னாடியே "பெடல் பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு அப்பா ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஏர் எடுத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

சரி, "வயசாச்சு" என்பது உண்மையா? பாதி உண்மை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறின பிறகு அந்த அளவு 140தான். சூடான பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அமுக்குவது ஆயிலை அல்ல, ஆவியை. அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? எங்கள் வீட்டில் யாரும் மாற்றியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரும்பு பைப் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியாத ரகசியமா? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியுமே.

இதே கதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப் டிரக்குகளில் பிரேக் பைப் துருப்பிடித்து உடைவதாக ஆயிரக்கணக்கானவர்கள் புகார் கொடுத்தார்கள். 2010ல் விசாரணை ஆரம்பித்தது. 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமலே முடித்துவிட்டார்கள். காரணம்? அதேதான், வயசு, உப்பு, எல்லாக் கம்பெனி பழைய வண்டியிலும் இப்படித்தான். வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பைப்பை செக் பண்ணுங்கள் என்று ஊருக்கே ஒரு எச்சரிக்கை விட்டார்கள். அவ்வளவுதான்.

"பார்த்தியா, அமெரிக்காவே கைவிரிச்சிடுச்சு" என்று என் கிளாஸ்மேட் ஒருத்தன் சொன்னான். டேய், அங்கே புகாரை எண்ணினார்கள்டா! வருஷக்கணக்கில் விசாரித்தார்கள், எச்சரிக்கை வந்தது. முடிவு தப்பு என்று சண்டை போடுவதற்காவது ஒரு முடிவு இருக்கிறது. எல்லாப் புகாரும் உண்மை என்றும் நான் சொல்லவில்லை. ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று 80களில் பெரிய கலாட்டா. 1989ல் அரசு விசாரணை முடிவு, பெரும்பாலும் டிரைவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று வந்தது. விசாரித்ததால்தானே அதுவும் தெரிந்தது?

இங்கே என்ன நிலைமை? 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் புகார் கொடுத்தால் அரசே ரீகால் செய்யச் சொல்லலாம். 2021 ஏப்ரலில் விதிகளும் வந்தன. ஆஹா என்று படித்துக்கொண்டே போனால் ஒரு வரி. தயாரித்து 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்!

துரு எப்போது பிடிக்கும், முதல் வருஷமா? ரப்பர் கப் எப்போது போகும்? 7 வருஷத்துக்கு அப்புறம் வரும் கோளாறை 7 வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டுமாம்.

இன்னொரு பக்கம், எங்கள் ரோட்டில் போகும் லாரிக்கு 8 வயசு வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அப்புறம் வருஷா வருஷம். சொந்தக் காருக்கு? 15 வருஷம் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். 15 முடிந்ததும் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5000 ஆனது. ஆக 7க்கும் 15க்கும் நடுவில் இருக்கும் கார் கம்பெனிக்கும் சொந்தமில்லை, அரசுக்கும் சொந்தமில்லை. எங்கள் வண்டிக்கு 13.

அந்த இரண்டாவது மிதியில் ஏன் கொஞ்சம் பிடித்தது தெரியுமா? இப்போதைய கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பாதியாவது பிடிக்கும். கம்பெனிகள் எல்லாம் தாமாகவே மனசு வந்து வைத்ததல்ல. அமெரிக்காவில் 1968ல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. அசோக் லேலண்ட் ஆவதற்கு முன், அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் இதே எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டினார்கள். அந்த ஏ40 டெவனில் முன் சக்கரத்துக்கு ஆயில் பிரேக், பின் சக்கரத்துக்கு இரும்புக் கம்பி. ஆயில் முழுக்கப் போனாலும் பின்னால் கம்பி பிடிக்கும். பழைய வண்டியாம்!

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்டிங்ஹவுஸ் 1872லேயே யோசித்துவிட்டார், பைப் உடைந்து காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும் என்று. கெட்டுப்போனாலும் நிற்கிற மாதிரி கெட்டுப்போகச் செய்யலாம். லாரியின் ஸ்பிரிங் பிரேக்கும் அதே யோசனைதான். அப்படிச் செய்ய முடியாத காருக்கு, பைப்பை யாராவது குனிந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டாமா?

7 வருஷ வரம்பை பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்குமாவது எடுக்க வேண்டும். காருக்கும் நடுவில் ஒரு தடவையாவது, டார்ச் அடித்து, அடியில் குனிந்து ஒரு சோதனை. கட்டணம் வேண்டுமா, வாங்கிக்கொள்ளட்டும், அம்மாவின் கட்டுக்கு ஆன செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

பைப் மாற்றி, ஆயில் மாற்றி வண்டி வந்துவிட்டது. அப்பா இப்போது சாவி திருப்பும் முன் பெடலை மூன்று தடவை மிதித்துப் பார்க்கிறார். அம்மா முன் சீட்டில் உட்காருவதில்லை.